மாலை வகுப்புக்கு ஒரு டீச்சர்

ஆண்டு விழாவுக்குப் பொன்னாடை வாங்கும்போது நான் பளபளப்பைப் பார்ப்பதில்லை. ஏப்ரல் வெக்கையில் அதைப் போர்த்திக்கொண்டு பிள்ளைகள் அரைமணி நேரம் மேடையில் நிற்க வேண்டும். அதனால் பருத்திதான் வாங்குவேன். எங்கள் ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கத்துக்குப் பதினோரு வருடமாக நான் செயலாளர். பெயர் மணவாளன். கரிக்கலாம்பாக்கம் பக்கம் கொஞ்சம் நெல், கொஞ்சம் கரும்பு, நான்கு மாடுகள். நீங்கள் நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள். வாயால் சொல்லிவிடுகிறேன், நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

பட்டம் வாங்கியவர்களை வருடந்தோறும் கூப்பிட்டுக் கௌரவிக்கிறோம். மைக்கைப் பிடித்து அழுவார்கள். இந்தப் பள்ளிக்கு எது வேண்டுமானாலும் செய்வேன் என்பார்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கார் கிளம்பிவிடும். குறை சொல்லவில்லை, அவரவர் பிழைப்பு. ஆனால் பத்தாம் வகுப்பில் பாதிப் பேர் தோற்றுக்கொண்டிருந்த பள்ளி இது. அதற்காகத்தான் சங்கத்தின் சார்பில் மாலை வகுப்பு தொடங்கினோம். அதற்கு ஊரிலேயே இருக்கிற, கணக்கு நன்றாகத் தெரிந்த ஒருவர் தேவை. அப்படிப்பட்ட பிள்ளை ரிசல்ட் வந்த மாதம் ஊரில் இருக்கும். அடுத்த மாதம் எங்காவது கல்லூரிக்குப் போய்விடும்.

சுவேதா என் நிலத்தில் கரும்பு வெட்டிய இன்னாசிமுத்துவின் மகள். அவள் அம்மா ஆரோக்கியசெல்வி இன்றைக்கும் எங்கள் மாடுகளைத்தான் கறக்கிறாள். பத்தாவதில் பள்ளியிலேயே முதல். பிளஸ் டூ எழுதிவிட்டு விடுமுறையில் மாலை வகுப்பு எடுக்க வந்தாள். பின்னக் கணக்கைக் கரும்புக் கணுவை வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். அதுவரை வாய் திறக்காத பிள்ளைகள்கூட அவளிடம் சந்தேகம் கேட்டார்கள்.

அவளுக்குக் கால்நடை மருத்துவம் படிக்க ஆசை. ஒருநாள் எங்கள் செவலைப் பசு கன்று போட முடியாமல் தவித்தது. டாக்டர் வந்து சேர்வதற்குள் அவளே முழங்கை வரை எண்ணெய் பூசிக்கொண்டு, உள்ளே மடங்கியிருந்த காலை நிமிர்த்தி எடுத்தாள். கன்று பிழைத்தது. "நீ டாக்டராவே ஆயிடும்மா" என்று சொன்னதும் நான்தான்.

விண்ணப்பத்தை நான்தான் பூர்த்தி செய்தேன். அவர்கள் வீட்டில் இருந்தது பட்டன் போன். அதனால் என் நம்பரையும் சங்கத்தின் மின்னஞ்சலையும் கொடுத்தேன். முதல் பட்டியலில் அவள் பெயர் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவது சுற்றில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை மின்னஞ்சல் வந்தது. இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது, வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குள் நேரில் வந்து சேர வேண்டும்.

இரண்டு முறை படித்தேன். அன்று சாயங்காலம் வகுப்பறை வாசலில் போய் நின்றேன். உள்ளே நாற்பத்திரண்டு பிள்ளைகள். சுவேதா கரும்பலகையிலிருந்து திரும்பி, "சார், எதுனா வந்துச்சா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. கட் ஆஃப் ஏறிப்போச்சு போல."

அவ்வளவுதான் சொன்னேன். வெள்ளிக்கிழமைக்குள் எப்போது வேண்டுமானாலும் மாற்றிச் சொல்லியிருக்கலாம். மூன்று நாளும் வகுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருத்தி போவதால் அவள் ஒருத்திக்கு நன்மை. இருந்தால் வருடத்துக்கு நாற்பது பேருக்கு நன்மை. அதே வாரம் என் மகன் தமிழ்க்குமரனுக்கும் இன்ஜினியரிங் இடம் வந்தது. அந்த ஆணையை வில்லியனூரில் கலரில் பிரிண்ட் எடுத்து, நானே கூட்டிப்போய்ச் சேர்த்தேன். அவனுக்குப் பாடம் நடத்த வராது. அவன் இங்கே இருந்து யாருக்கும் பயனில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து இன்னாசிமுத்து வந்தார். "பொண்ணு வூட்ல குந்திக்கினு அழுவுது ஐயா. நீங்கதான் எதுனா வழி பண்ணணும்" என்றார். மாலை வகுப்பை அவளிடமே நிரந்தரமாக ஒப்படைப்பதாகச் சொன்னேன். கையெடுத்துக் கும்பிட்டார். எட்டு மாதம் கழித்து நெஞ்சுவலியில் படுத்தார். ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோது, "இன்னும் கொஞ்சம் ஒழுங்கா படிச்சிருந்தா கெடச்சிருக்கும்யா. வெளாட்டுத்தனமா இருந்துட்டுது" என்றார். சுவேதா கட்டில் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். நான் அவர் கையைத் தட்டிக்கொடுத்தேன். அடக்கத்தன்று சங்கத்தின் பெயரில் மலர்வளையம் வைத்தேன்.

நான்கு வருடம் அவள் வகுப்பு நடத்தினாள். இப்போது நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் தேறுகிறார்கள். போன விழாவில் அவளுக்குச் சிறந்த முன்னாள் மாணவி விருது கொடுத்தோம். சங்கத் தலைவர் புகழ்வேந்தன் பேசினார், பொன்னாடையை நான் போர்த்தினேன். அவள் குனிந்து என் காலைத் தொட்டாள்.

இந்த ஜூனில் ஒரு மாணவிக்கு விண்ணப்பம் போட, பழைய மாதிரி ஒன்றைத் தேடிச் சங்கத்தின் மின்னஞ்சலைத் திறந்திருக்கிறாள். எதையும் அழிக்கிற பழக்கம் எனக்கில்லை. மத்தியானம் நான் சங்க அறையில் இருந்தபோது தாளோடு வந்தாள்.

"இது இன்னா சார்?"

"உனக்கு வந்த ஒதுக்கீட்டு ஆணைம்மா."

"அப்பவே படிச்சீங்களா?"

"படிச்சேன்."

அவள் சத்தம் போடவில்லை. தாளை நான்காக மடித்தாள். பிறகு, "எங்கப்பா நான் ஒழுங்கா படிக்கலன்னு நெனச்சிக்கினே செத்துது சார்" என்றாள். "நானும் அப்டிதான் நெனச்சிக்கினு இருந்தேன்."

அன்றைய வகுப்பை எடுத்து முடித்துவிட்டுத்தான் போனாள். மறுநாள் காலை அம்மாவோடு ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் புகார் கொடுத்தாள்.

மின்னஞ்சலில் இன்னும் இரண்டு ஆணைகள் கிடைத்ததாகச் சொல்கிறீர்கள். உண்மைதான். சுவேதாவுக்கு முன்னால் பாக்யராஜ். அவனுக்கு முன்னால் அமிர்தம். ஆளுக்கு இரண்டு வருடம் வகுப்பு எடுத்தார்கள். பாக்யராஜ் அப்புறம் குடிக்கத் தொடங்கிவிட்டான். மூன்று பேருக்கும் இடம் கிடைத்ததை மறைத்தது நான்தான். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை.

மூன்று பேரும் காலனிப் பிள்ளைகள் என்று சற்று முன்னால் சொன்னீர்கள். நீங்கள் சொல்லும்வரை எனக்கு அது தோன்றவே இல்லை. பிள்ளைகளை நான் அப்படிப் பிரித்துப் பார்ப்பவனல்ல. அந்தப் பிள்ளைகள் சொன்னதைக் கேட்பார்கள், திருப்பிக் கேள்வி கேட்க மாட்டார்கள், அவ்வளவுதான்.