பராமரிக்கிறவர் பேரு

இல்லீங்க டீச்சர், இது உங்க தப்பு இல்ல. நீங்க எதயும் மாத்தி அமுத்தல. தோ, கீழ மூலையில பாருங்க, தேதி இன்னா காட்டுது? ரெண்டாயிரத்து ஒம்போது. லேப்டாப்புக்குள்ள ஒரு குட்டி பேட்டரி இருக்கும், வாட்ச்சுல போடற மாதிரி. அது போயிட்டுது. கரண்ட்ட நிறுத்திப் போட்டா இவனுக்கு தேதி மறந்துபோவுது. நெட்ல இருந்து வர்ற சாமான்ல இந்த வருஷத்துக் கையெழுத்து இருக்குதா, இன்னும் வராத வருஷத்துல எவன்டா கையெழுத்து போட்டதுன்னு சந்தேகப்பட்டு, எதயும் வாங்கமாட்டேங்கறான். அவ்ளோதான் சங்கதி. தேதிய நாம கையால போட்டுட்டா கம்முனு வாங்கிக்குவான்.

ம். வாங்கிக்கினான் பாருங்க.

அது வேற. அது சிடி கேக்குது. சிடி போடற எடமே இந்த லேப்டாப்புல இல்லியே, அத யாராண்ட போய் சொல்றது? பென்டிரைவ்ல இருந்து ஏத்துனோம் இல்ல, அதையே சிடின்னு எழுதி வெச்சுக்கினு, எது கேட்டாலும் சிடியப் போடு சிடியப் போடுங்கும். அந்த வரிக்கு முன்னாடி ஒரு குறி போட்டு வுட்டா அத படிக்காம தாண்டிப் போயிடும். விண்டோஸுக்கு பதிலா புதுசா இந்த ஓசி லினக்ஸ் போட்டா மொத நாள் இந்த அக்கப்போரு இருக்கத்தான் செய்யும். பசங்க கைக்குப் போறதுக்குள்ள ஒழுங்காயிடும், பயப்படாதீங்க.

உங்க போன அந்த ஜன்னல் கம்பியிலயே வுடுங்க டீச்சர், அதுல இருந்துதான் நெட்டு வருது. வெள்ளிமல ஏறி வந்ததுல இருந்து பாக்கறேன், இந்த ரூம்ல அந்த ஜன்னலாண்ட மட்டுந்தான் சிக்னல் நிக்குது.

ஆங்... இதுவா. இது தமிழ் கீபோர்டு. செவப்புல எழுதுது இல்ல? ஏத்த முடியலன்னு சொல்லுது. அதாவது, எனுக்குத் தொணைக்கு இன்னொரு பேக்கேஜ், இன்னொரு சாஃப்ட்வேர் மூட்ட வேணும், அது வந்தாத்தான் நான் வருவேன்னு மொரண்டு புடிக்குது. கல்யாணத்துக்கு மச்சான் வராம நான் வரமாட்டேன்னு சில பேரு உக்காந்துக்குவாங்களே, அந்த மாதிரி. அந்த மச்சான லினக்ஸ்காரங்க புது வெர்ஷன்ல சேக்கவே இல்ல, பழசுன்னு கழிச்சுட்டாங்க. இப்ப சரி பண்ணி நெட்ல போட்டிருக்குது. நான் கொண்டாந்த பென்டிரைவ் முன்னாடி எடுத்தது, அதுல கெட்டதுதான் இருக்குது. நல்லது எறங்கணும். எறங்கிக்கினு இருக்குது. இந்த சிக்னலுக்கு மெதுவாத்தான் எறங்கும், நீங்க உக்காருங்க.

இந்தக் கீபோர்ட யாரு பண்ணதுன்னா?

தெரிஞ்ச ஆளுதான். கவியரசன்னு பேரு. தியாகதுருகம் பக்கத்து ஆளு. இல்ல, பெரிய கம்பெனியெல்லாம் இல்ல, தனி ஆளா பண்ணான். இந்த மாதிரி ஓசி சாஃப்ட்வேர்ல ஒவ்வொரு பேக்கேஜுக்கும் பாத்துக்கறதுக்குன்னு ஒரு ஆளு இருப்பாங்க, சம்பளம் கெடயாது. மெயின்டெய்னர்னு போட்டு அவங்க பேரு வரும். பராமரிக்கிறவர்னு அர்த்தம். ஒலகத்துல எவன் இத ஏத்துனாலும் அவன் பேரு அதோட போவும்.

எனுக்கு அந்தப் பேரப் பாத்தாலே வயிறு எரியும் டீச்சர். சிரிக்காதீங்க, மெய்யாலுமே சொல்றேன். 

ரெண்டு பேரும் பாலிடெக்னிக்ல ஒரே பெஞ்சு. எங்களுக்கு சின்னசேலம் பக்கம் கரும்பு நெலம். அவங்களுக்குக் காணி நெலம் கெடயாது. அவங்கம்மா சாலம்மா கரும்பு வெட்டற கேங்குல போவும், எங்க வயல்லயே வந்து வெட்டியிருக்குது. எங்கப்பா எனுக்கு கம்ப்யூட்டர் வாங்கிக் குடுத்தாரு. எங்க தெருவுலயே அதான் மொத கம்ப்யூட்டர். ஞாயித்துக்கெழம ஆனா இவன் பஸ் ஏறி வந்துடுவான். எங்க வூட்டுக்குள்ள அவன வுடமாட்டாங்க, அது உங்களுக்கே புரியும், நான் சொல்லத் தேவயில்ல. நாங்க ரெண்டு பேருமா கம்ப்யூட்டரயே தூக்கினு மோட்டார் கொட்டாய்க்குப் போயிடுவோம். அங்க கரண்டும் நல்லா வரும்.

எனுக்கு கேம் ஆடத்தான் ஆச. இவன் ஏதோ புக்கோட ஓசில குடுத்த லினக்ஸ் சிடி ஒண்ணு கொண்டாந்தான். போட்டுப் பாக்கலாம்டா அருளுன்னான். போட்டான். என் விண்டோஸ் மொத்தமும் போச்சு. எங்கப்பா எவன்டா அழிச்சதுன்னு கேட்டப்ப நான்தான்னு சொன்னேன். அவன் பேரச் சொன்னா அப்பால அவன அந்தப் பக்கமே வுடமாட்டாங்கன்னு எனுக்குத் தெரியாதா? அடி வாங்குனது நானு. கத்துக்கினது அவன்.

சொல்லுங்க, என் கம்ப்யூட்டரு, என் கொட்டாயி, என் முதுகு. பேரு யாருக்கு?

இல்ல, அப்ப எனுக்கு ஒண்ணும் தெரியல. அவன் மெட்ராஸ் போனான், ஏதோ கம்பெனியில சேந்தான். நான் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டாண்ட சர்வீஸ் கட போட்டேன். போன் பேச்சு கம்மியாயிட்டு, அப்டியே நின்னுபோச்சு. சண்டயெல்லாம் இல்ல. அப்பால ஒரு தடவ திருக்கோவிலூர்ல பத்திரம் எழுதறவரு ஒருத்தருக்கு லினக்ஸ் போடப் போயிருந்தேன். தமிழ் கீபோர்டு வேணும்னாரு. தேடி எடுத்து, இது இன்னாதுன்னு விவரம் பாக்கறேன், மெயின்டெய்னர் கவியரசன். இன்னொரு தடவ படிச்சேன், அவனேதான். பத்திரக்காரரு கண்ணாடிய ஏத்திக்கினு, பரவாயில்லியே தமிழ்ப் பேரா இருக்குதே, யாருப்பா இதுன்னாரு. யாருன்னு தெரியலிங்க, சிலோன்காரரா இருக்கும்னு சொல்லி ஸ்க்ரீன்ல அந்தப் பக்கத்த மூடிட்டேன்.

ஆமா, அல்பந்தான். இல்லன்னா சொல்றேன்?

வேல நல்ல வேல டீச்சர். அதச் சொல்லாம இருக்க முடியாது. முன்னாடியெல்லாம் இதுல கொ அடிச்சா கொம்பு ஒரு பக்கம், காலு ஒரு பக்கம் பிச்சுக்கினு போவும். எழுத்த அழிக்கப்போனா பாதிதான் அழியும். இவன் ஒவ்வொண்ணா உக்காந்து ஒழுங்கா நிக்க வெச்சிருக்கான். ஒரு குத்தம் கண்டுபுடிக்கலாம்னு நானும் எவ்ளோ நாளு அடிச்சு அடிச்சுப் பாத்தேன். கெடைக்கல. அதுக்கப்புறம் பாருங்க, சங்கராபுரத்துல போட்டாலும் அவன் பேரு, தியாகதுருகத்துல போட்டாலும் அவன் பேரு. வூடு வூடாப் போயி அவன் பேர நானே ஏத்திவுட்டுக்கினு இருக்கேன். எம்பொண்டாட்டி தேவிப்ரியா கேட்டா, ஏங்க, உங்க கூடப் படிச்சவரு இதெல்லாம் பண்ணியிருக்காரே, நீங்க இன்னா பண்ணீங்கன்னு. சோத்தத் தின்னுட்டு எழுந்து போயிட்டேன்.

பாருங்க, நடுவுல நின்னுட்டுது. போன் ஆஃப் ஆவல இல்ல? இல்ல, ஓடுது, ஓடுது.

அப்பால லினக்ஸ்ல புது வெர்ஷன் வந்துது. போட்டுப் பாத்தா, தோ இப்ப நீங்க பாத்தீங்களே, இதே செவப்பு எழுத்து. அவன் பேக்கேஜ் ஒடஞ்சு கெடக்குது. எனுக்கு வந்த சந்தோஷம் இருக்குதே! கடையப் பாதியில சாத்திட்டுப் போயி பிரியாணி சாப்ட்டேன்னா பாத்துக்கங்க. வர்ற கஸ்டமருக்கெல்லாம் சொன்னேன், இந்தக் கீபோர்டு பண்ண ஆளு சரியில்லிங்க, பாதியில வுட்டுட்டாருன்னு. கோளாறு இருந்தா எழுதிப் போடறதுக்கு நெட்ல ஒரு எடம் இருக்குது, எல்லாரும் பாக்கலாம். அங்க போயி எனுக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல எழுதுனேன். உன்னால பாத்துக்க முடியலன்னா, பாத்துக்கறவங்க கையில குடுத்துடுன்னு கடைசியில ஒரு வரி சேத்தேன். அந்த வரிய மட்டும் தேவிப்ரியாவுக்குப் படிச்சுக் காட்டுனேன்.

பதிலு இல்ல. அவ்ளோ திமிரு ஆயிட்டுதான்னு இன்னொண்ணு எழுதுனேன், மொதல்ல எழுதுனத விட காரமா. அதுக்கும் இல்ல. 

அப்பால லினக்ஸப் பாத்துக்கற வெளிநாட்டுக்காரங்க ஒருத்தங்க எழுதுனாங்க. இந்தப் பேக்கேஜுக்கு ஆளு பதில் சொல்றதில்ல, அதனால இத அநாதன்னு அறிவிக்கறோம், யாராச்சும் தத்து எடுத்துக்கறீங்களான்னு. அதே வார்த்ததான் டீச்சர், அநாத, தத்து, அவங்க பாஷையிலயும் அப்டியேதான் சொல்றாங்க.

எடுத்துக்கினேன். நான்தான் எடுத்துக்கினேன்.

சுளுவா இல்ல, டீச்சர். போன மச்சானுக்கு பதிலா புது மச்சானக் கட்டிவுடணும். ஒண்ணக் கட்டுனா இன்னொண்ணு அவுந்துக்கும். அனுப்புவேன், இது தப்புன்னு திருப்பி அனுப்புவாங்க. திரும்ப அனுப்புவேன். பத்தாவதுல கூட நான் அப்டிப் படிச்சதில்ல. அவன் எழுதி வெச்சத வரி வரியாப் படிச்சேன். படிக்கப் படிக்க எரிச்சல் ஜாஸ்தியாயிட்டுதே தவுர கம்மியாவல. ஏன்னா, இவ்ளோ அழகா எனுக்கு எழுத வராது. எந்தக் காலத்துலயும் வராது. நான் பண்ணது இன்னா? பஞ்சர் ஒட்டுனேன். வண்டி பண்ணவன் அவன்.

தோ, எறங்கிட்டுது. ஏறிக்கினு இருக்குது. செவப்பு இல்ல பாருங்க. விவரத்தத் தொறக்கறேன், படிங்க. மெயின்டெய்னர்... ஆமா, அருள்மொழி. என் பேருதான். அந்த எடத்துல அவன் பேரு இருந்துது. அத எடுத்துட்டு என்னுத போடணும், அப்டித்தான் முற.

அவன் எப்டி ஒத்துக்கினான்னா?

கேக்கத்தான் போனேன் டீச்சர். அநாதன்னு போட்டாங்களே, அன்னிக்கே வண்டிய எடுத்துக்கினு அவன் ஊருக்குப் போனேன். நெஜத்தச் சொன்னா கேக்கறதுக்குப் போவல, இன்னாடா கவி, தூக்கிப் போட்டுட்ட போலன்னு சிரிச்சுட்டு வரலாம்னு போனேன். வூட்டுல அவன் போட்டோவுக்கு மால போட்டிருக்குது. மஞ்சக்காமால. மெட்ராஸ்ல ரூம்லயே முத்த வுட்டுட்டான், ஊருக்குக் கொண்டாந்தும் தேறல. நான் மொதல்ல எழுதுனதுக்கு முன்னாடியே செத்துப் போயிருக்கான். பாத்துக்க முடியலன்னா குடுத்துடுன்னு நான் எழுதுனது, அவன் போனதுக்கு அப்பால எழுதுனது.

அவங்கம்மா சாலம்மாவுக்கு என்னய அடையாளம் தெரிஞ்சுது. கரும்புக்காரர் மவனா, வா தம்பி, உக்காருன்னுச்சு. அவங்க வூட்டுக்குள்ள நான் போனது அதான் மொத தடவ. தண்ணி குடுத்துட்டு கேக்குது, தம்பி, லீவுல வந்தாக்கூட அந்தப் பொட்டிய மடியில வெச்சுக்கினு உக்காந்தே கெடப்பானே, அதுல இன்னாதான் பண்ணான், யாரக் கேட்டாலும் தெரியலன்றாங்க, உனுக்காச்சும் தெரியுமான்னு.

நான் சொல்ல வேண்டியதாப் போச்சு டீச்சர். அத்தினி பேரு இருக்கையில, நான். தமிழ் எழுத்து கம்ப்யூட்டர்ல ஒழுங்கா வர்றதுக்கு உங்க புள்ளதான் வழி பண்ணான், மலேசியா, சிலோன், எங்கெங்கயோ இருக்கறவங்க அதுலதான் எழுதறாங்க, ஓசியாவே பண்ணான்னு சொன்னேன். அது எழுந்து வெளிய போயி பக்கத்து வூட்டுப் பொம்பளைங்கள இட்டாந்துது. திரும்பச் சொல்லுன்னுச்சு. சொன்னேன். அப்பால யாரோ பெரியவரு வந்தாரு, அவருக்கும் சொல்லுன்னுச்சு. அவருக்கும் சொன்னேன். சொல்லிக்கினு இருக்கையிலயே உள்ள எரியுது. எங்கம்மா இன்னிக்கு வரைக்கும் என் கடைக்கு வந்து, இன்னாடா பண்றேன்னு கேட்டதில்ல. செத்தவன் மேல பொறாமப்படற ஆள நீங்க பாத்திருக்கீங்களா? தோ, பாத்துக்கங்க.

வேணாம், தண்ணி வேணாம். பேட்டரி மட்டும் எழுதித் தர்றேன், கள்ளக்குறிச்சி வர்றப்ப வாங்கிக்கினு லேப்டாப்போட கடைக்கு வாங்க, மாட்டிவுட்டுடறேன்.

பேரு மாத்துனதுக்கு அப்பால ஒரு மெயில் வந்துது, மலேசியால இருந்து ஒரு பெரியவரு. கையெழுத்து போட முடியாத அளவுக்குக் கை நடுங்குதாம். இந்தக் கீபோர்டுலதான் பேத்திக்குத் தமிழ்ல எழுதிக்கினு இருந்தாராம், நடுவுல நின்னுபோயி தவிச்சுட்டாராம், இப்ப சரியாயிட்டுதாம். உங்களுக்கு ரொம்ப வருஷமா நன்றி சொல்லணும்னு இருந்தேன் தம்பி, பழைய வெர்ஷன்ல பேரு பாத்திருக்கேன், நீங்கதான கவியரசன்னு கேட்டிருந்தாரு.

ஆமாங்கய்யான்னு எழுதி அனுப்பிட்டேன்.