மகர்பட்டாவில் தும்மிய இயந்திரம்

எனக்கு ஏற்ற இறக்கமில்லாத குரல். வீடு தீப்பற்றி எரிகிறது என்று நான் சொன்னாலும், மூன்றாம் பிளாட்பாரத்துக்கு வண்டி வருகிறது என்று சொல்வது போலத்தான் இருக்கும் என்பாள் என் மனைவி கனகவல்லி. இத்தனை வருஷம் என்னோடு குடித்தனம் செய்தவள், சரியாகத்தான் சொல்வாள்.

கிரிஜா மேடம், நடந்ததைத் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம் என்றீர்கள். நன்றி. புனேவில் விசாரணைக்கு வந்த அதிகாரி தமிழ் படிப்பவராக அமைந்தது என் அதிர்ஷ்டம். உங்களுடையது எப்படியோ.

ராணுவக் கணக்குத் துறையில் ஓய்வு பெற்றதும், மகர்பட்டாவில் பாலசுப்ரமணியனின் சின்னக் கம்பெனியில் சேர்ந்தேன். அரசுப் பணத்தில் உருவாகும் இணையதளங்களைச் சோதித்துச் சான்று கொடுப்பதுதான் வேலை. இணைப்புகள் திறக்கின்றனவா, மவுஸ் இல்லாமல் ஓட்ட முடிகிறதா, பார்வையற்றவர் பயன்படுத்த முடிகிறதா என்று பார்க்க வேண்டும். கடைசியில் சொன்னதற்கு ஒரு மென்பொருள் இருக்கிறது. திரையில் உள்ள எழுத்தை அது உரக்கப் படிக்கும். பார்வையில்லாத ஒருவர் அதைக் காதில் வாங்கிக்கொண்டு, தளம் முழுவதும் போய்வந்து, முடிகிறது என்று கையெழுத்துப் போட்டால்தான் சான்று.

இந்த 2007 தொடக்கத்தில் பார்வையற்றோர் உதவித்தொகைக்கான தளம் எங்களிடம் வந்தது. அதுவரை அவர்கள் அலுவலக ஜன்னலில் வரிசையில் நின்று விண்ணப்பித்தார்கள். இனி ஜன்னல் கிடையாது. ஜூன் முடிவதற்குள் எல்லோரும் தளத்தில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். தவறினால் பெயர் போய்விடும், தொகையும் நின்றுவிடும்.

தளம் பார்க்க வெகு அழகு. எழுத்து முழுவதையும் படங்களாகவே வரைந்திருந்தார்கள். மென்பொருளுக்குப் படத்தைப் படிக்கத் தெரியாது. "இமேஜ், இமேஜ், இமேஜ்" என்று சொல்லிக்கொண்டே போயிற்று. முடிவில், விண்ணப்பிப்பவர் மனிதர்தான் என்று நிரூபிக்க, கோணல்மாணலாக எழுதியிருந்த எழுத்துகளைப் பார்த்துத் தட்டச்சு செய்யச் சொன்னது. பார்வையற்றவரை.

ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலும் அதற்குரிய வார்த்தைகளைச் சேர்த்தால் சரியாகிவிடும். ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள் வேலை. இதைக் கண்டுபிடித்துச் சொன்னவன் நான்தான். தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

பாலசுப்ரமணியன் கோயமுத்தூர்க்காரர். தலையில் இடி விழுந்தாலும் மரியாதை குறையாது.

"பத்து நாளுக்கு எங்கீங்க சார் போறது? மார்ச் முடியப் போகுது. அதுக்குள்ள சான்று போகலீன்னா கவர்மெண்ட் கிராண்ட் பணம் திரும்பிப் போயிருமுங்க. அப்புறம் நம்மள யாருங்க கூப்பிடுவாங்க?"

"சோதிக்க வர்றவர் ஒத்துக்கணுமே."

"யாருங்க வர்றது?"

"சந்திரமௌலி."

"அவருங்களா? போன தடவ நம்ம கம்பெனி வெப்சைட்டையே ஃபெயில் பண்ணுனவருங்க சார் அவரு."

சந்திரமௌலி புனேவின் ராஸ்தா பேட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். ஒரு வங்கியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கும் பார்வை இல்லை, தங்கை பட்டுவுக்கும் இல்லை. பட்டு நாற்காலிகளுக்குப் பிரம்பு பின்னுவார். அதில் கிடைப்பது பாதி வயிற்றுக்கு, மீதிப் பாதிக்கு அந்த உதவித்தொகை.

நான் ஒரு சின்ன ஏற்பாடு செய்தேன். எங்கள் அலுவலகத்தில் சந்திரமௌலி உட்காரும் கணினியிலிருந்து வயர் இழுத்து, பிளைவுட் தடுப்புக்கு இந்தப் பக்கம் எனக்கு ஒரு திரையும் ஒரு மைக்கும் வைத்துக்கொண்டேன். மென்பொருளை அணைத்துவிட்டேன். அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு விசையைத் தட்டுவார். திரையில் எது வருகிறதோ அதை நான் படிப்பேன், இயந்திரம் போல. அதற்காக நான் தனியாகச் சிரமப்பட வேண்டியிருக்கவில்லை.

தளம் மராத்தியில் இருந்தது. இரண்டு வரி படித்திருப்பேன், சந்திரமௌலி தலையைச் சாய்த்தார்.

"அரே, மெஷினோட மராத்தியில கும்பகோணம் வாசனை அடிக்கறதே?"

பக்கத்தில் நின்ற பாலசுப்ரமணியன், "சாஃப்ட்வேர் சென்னையில பண்ணுனதுங்க" என்றார்.

"அதானே பார்த்தேன்."

நடுவில் தும்மிவிட்டேன். எனக்கு ஏசி ஒத்துக்கொள்ளாது.

"இது என்ன சத்தம்?"

"புதுப் பக்கம் தெறக்குதுன்னு அர்த்தமுங்க."

"பேஷ்" என்றார் சந்திரமௌலி.

கோணல் எழுத்துகளையும் ஒவ்வொன்றாகப் படித்துக் கொடுத்தேன். சோதனை விண்ணப்பம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. இப்படி ஒரு தளத்தை என் ஆயுசில் கேட்டதில்லை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். மார்ச் முடிவதற்குள் சான்று போய்விட்டது. நான் அவரை ஏமாற்றினேன் என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரலில் அவரிடமிருந்து ஃபோன் வந்தது.

"காய் விஸ்வம்" என்று மராத்தியில் ஆரம்பித்தார். "உன் ட்யூட்டி எத்தனை மணிக்குப்பா?"

"என்ன ட்யூட்டி?"

"பட்டுவைக் கூட்டிண்டு ஹடப்சர்ல சைபர் கஃபேக்குப் போனேன். தளத்தைத் திறந்தா நீ இல்லை. எவனோ இமேஜ் இமேஜ்னு உளறிண்டிருக்கான்."

"மெஷினைத்தானே சொல்றேள்?" என்றேன்.

"குரலைக் கேட்டே சம்பளம் வாங்கினவன்யா நான். முதல் வரியிலேயே தெரிஞ்சுடுத்து. தும்மலும் உன்னோடதுதான். ஆனா ஒண்ணு, சர்க்கார் பண்ணின காரியத்துலேயே இதுதான் உருப்படி. எங்களுக்குப் படிச்சுக் காட்ட ஒரு மனுஷனையே உட்கார வெச்சிருக்கானே! மெஷின்னு சொன்னாத்தான் கிராண்ட் வரும் போலிருக்குன்னு நானும் காட்டிக்கலை."

மேடம், தலை நரைத்த பிறகு ஒரு மனிதருக்கு அரசாங்கத்தின் மீது நம்பிக்கை பிறந்திருக்கிறது. அதை உடைக்க எனக்கு மனம் வரவில்லை. "காலம்பற பத்துலேர்ந்து ஒண்ணு, அப்புறம் ரெண்டுலேர்ந்து அஞ்சு" என்றேன்.

மறுநாள் பத்து மணிக்கு அண்ணனும் தங்கையும் போய் உட்கார்ந்துவிட்டார்கள். மத்தியானம் கூப்பிட்டார். "கூட்டம் ஜாஸ்தி, க்யூவில இருங்கோ" என்றேன். க்யூ என்றால் நம் ஜனங்களுக்குக் கோபமே வராது. சந்திரமௌலி தமக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்லி அனுப்பினார்: பதற வேண்டாம், விஸ்வம் ஒருத்தன்தான் இருக்கான், வருவான். புனே முழுக்க அவர்கள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார்கள்.

ஃபோனிலேயே படித்துக் காட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஒருவருக்குப் படித்தால் எல்லோருக்கும் படிக்க வேண்டும். தளத்தையாவது திருத்தியிருக்கலாமே என்பீர்கள். திருத்தினால் கொடுத்த சான்று பொய் என்றாகிவிடும். சான்று கொடுப்பவன் அப்படிச் செய்யலாமா?

ஒருநாள் பட்டுவே பேசினார்.

"அண்ணா, நான் விசையை மெதுவாத் தட்டறேனோ? அதான் நான் வந்திருக்கறது உங்களுக்குத் தெரியலையோ?"

"கொஞ்சம் அழுத்தித் தட்டும்மா" என்றேன்.

ஜூன் முடிந்தது. பெயர்கள் போயின. பட்டுவின் பெயரும் போயிற்று. தாமதமாகிறது போலிருக்கிறது என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை. அதற்கும் காரணம் உண்டு. தளத்தின் அடியில், எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டும் எண்ணி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அது ஓடிய ஓட்டத்தைப் பார்த்துத் துறையே அசந்துபோயிற்று. மக்கள் அதிகம் நாடும் தளம் என்று பரிசு கொடுத்தார்கள். பாலசுப்ரமணியனுக்குச் சால்வை, எனக்கு ஒரு சுவர்க்கடிகாரம். அந்த எண்ணி நின்றால் அடுத்த வருஷ ஒப்பந்தமும் நின்றுவிடும். ஆகவே ஜூலையிலும் "நாளைக்கு வாங்கோ" என்றேன். ஆகஸ்டிலும் சொன்னேன். நீங்கள் போன வாரம் வந்து ஃபோனை வாங்கி வைத்துக்கொள்ளும் வரை சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.

பட்டு இப்போது ஆட்டோவுக்குக் காசில்லாமல், சுவரைத் தடவிக்கொண்டு நடந்தே சைபர் கஃபேக்கு வருகிறாராம். இதைக் கொடுமை என்று உங்கள் அறிக்கையில் எழுதப் போகிறீர்கள். எழுதுங்கள். ஆனால் நீங்களே யோசித்துப் பாருங்கள் மேடம், நான் படிப்பது பிடிக்காமலா அவர்கள் தினமும் வந்து உட்காருகிறார்கள்?