தூக்குமரத்தில் தொங்கும் பந்து

கால்பந்துக் கழகத் தலைவர் ஹெர்பன் ஓஸ்டர்பான் அவர்களே, மறைந்த நம் சீட்சேயின் துணைவி ரின்ஸ்கே அவர்களே, அவரோடு ஆடிய பழைய தோழர்களே, தொலைக்காட்சி நிலையத்திலிருந்து வந்திருக்கும் நண்பர்களே, வெஸ்டர்ஸெய்ல் ஊர் மக்களே, அனைவருக்கும் என் வணக்கம். பின்னால் காப்பியும் கேக்கும் வைத்திருக்கிறார்கள். சற்று இருக்கட்டும். நான் சொல்லப்போவதைக் கேட்ட பிறகு சிலருக்கு அது தொண்டையில் இறங்காமலும் போகலாம்.

சீட்சே வீலிங்கா. இந்த ஊர் பெற்றெடுத்த தடுப்பாட்டக்காரர். தேசிய அணியின் சட்டையை அணிந்தவர். உயரத்திலிருந்து எந்தப் பந்து இறங்கினாலும் முதலில் தலை கொடுத்தவர். அந்தத் தலையை நம்பி எத்தனை கோல்காப்பாளர்கள் நிம்மதியாக நின்றார்கள்! ஆனால் நான் ஆட்டக்காரரைப் பற்றிப் பேச வரவில்லை. அவருடைய பத்தியை வாரந்தோறும் அச்சுக்கு அனுப்பிய பத்திரிகை ஆசிரியை நான். எழுத்தாளர் சீட்சேயைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் எங்கள் அலுவலகத்துக்கு வந்து மேசையில் ஒரு தாளை வைத்தார். படித்தேன். நன்றாக இருந்தது. அதனாலேயே சந்தேகமும் வந்தது.

"இது நீங்களே எழுதினதா?" என்றேன்.

"பின்னே, என் முழங்காலா எழுதும்? அதான் ரெண்டும் போயிடுச்சே" என்றார்.

அப்படித் தொடங்கியது அந்தப் பத்தி. யாரோ ஓர் ஆட்டக்காரரைச் சிங்கம் என்று தலைப்பில் போட்டுவிட்டால் போதும், தொலைபேசி அலறும். "ஹிஸ்கே, சிங்கம் பயிற்சிக்கு லேட்டா வருமா? இவன் வந்தான். மாத்துங்க."

தொலைக்காட்சியில் ஆட்டங்களை அலச உட்கார்ந்தபோதும் அதே நாக்குதான். பெரிய அணியொன்றின் பயிற்சியாளர் ஐந்து கோல் வாங்கிய பின்னும், "எங்க திட்டம் சரியாத்தான் இருந்துச்சு" என்று சாதித்தார். சீட்சே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அப்போ எதிரணிக்கு அதை யாரும் சொல்லலை போல" என்றார். நாடே சிரித்தது.

நாடு சிரித்தது என்றேன் அல்லவா? இன்னொரு முறையும் சிரித்தது. ஒரு திங்கட்கிழமை நேரலையில் கோல்காப்பாளர் என்ற சொல் அவருக்கு வரவில்லை. "அந்த... கையுறை போட்டவர்" என்றார். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்து அரங்கம் கைதட்டியது. அடுத்தடுத்த வாரங்களில் வேறு சொற்களும் வரவில்லை. குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்றார்கள். அந்தக் காட்சியை வெட்டியெடுத்துக் கைபேசிக்குக் கைபேசி அனுப்பினார்கள். இங்கே அமர்ந்திருப்பவர்களில் அதைப் பார்த்துச் சிரிக்காதவர் யார்?

அவர் குடிக்கவில்லை. அவர் மூளை தேய்ந்துகொண்டிருந்தது. வேறு காரணங்களும் இருக்கலாம் என்றுதான் மருத்துவர் சொன்னார். ஆனால் தலையால் முட்டிய பந்துகளின் கணக்கைக் கேட்டு எழுதத் தொடங்கியவர், சீட்சே சொல்லச் சொல்லப் பேனாவைக் கீழே வைத்துவிட்டாராம். ரின்ஸ்கே என்னிடம் சொன்னார்.

தொலைக்காட்சி அவரை வழியனுப்பிவிட்டது. பத்தியை மட்டும் அவர் விடவில்லை. "வார்த்தை வரலேன்னா அந்த இடத்தை வெறுமனே விடுங்க, ஹிஸ்கே. நீங்க நிரப்பாதீங்க. என் தலைக்குள்ள என்ன இல்லேன்னு அவங்களும் பாக்கட்டும்." அப்படியே அச்சிட்டோம். அச்சுப்பிழை என்று திட்டி எழுதினார்கள். குறுக்கெழுத்துப் போட்டி என்று நினைத்து விடை அனுப்பியவர்களும் உண்டு.

அவருடைய கடைசிப் பத்தி உங்களுக்கு நினைவிருக்கும். நம் மைதானத்தின் ஓரத்தில் நிற்பதை எடுத்துவிடுங்கள், குழந்தைகள் இனி அதன் அடியில் நிற்க வேண்டாம் என்று எழுதினார். எதை என்று சொல்ல வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அங்கே என்ன வர வேண்டும் என்று இந்த ஊரில் யாருக்குத் தெரியாது? உயரமான கம்பம், குறுக்குக் கட்டை, கயிற்றில் தொங்கும் பந்து. எகிறி எகிறித் தலையால் முட்டிப் பழக நமக்கு முந்தியவர்கள் நட்டது. நாம் அதற்கு வைத்த பெயரே தூக்குமரம். சீட்சே அதன் அடியில்தான் ஆட்டம் படித்தார்.

அந்தப் பத்தியைக் கழகக் கூட்டத்தில் நான் படித்தேன். தலைவர் அவர்களே, உங்கள் பதில் எனக்கு மறக்கவில்லை. "எதை எடுக்கணும்னு அவரே எழுதலையேம்மா" என்றீர்கள். சிலர் சிரித்தார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சீட்சேயும் சிரித்தார், எல்லோரும் சிரிக்கிறார்களே என்று.

போன இலையுதிர் காலத்தில் ரின்ஸ்கே அவரை மைதானத்துக்கு நடத்தி வந்தார். நானும் உடன் வந்தேன். அதற்குள் மனைவியின் பெயர் அவருக்கு மறந்திருந்தது. என் பெயரும்தான். கடற்காற்றில் அந்தப் பந்து ஆடிக்கொண்டிருந்தது. அவர் எங்கள் கைகளை உதறிவிட்டுப் போனார். கழுத்தை விறைத்துக்கொண்டு நெற்றியால் முட்டினார். மறுபடியும் முட்டினார். மறுபடியும். அதை மட்டும் அந்தத் தலை மறக்கவில்லை. நானும் ரின்ஸ்கேயும் அழுதுகொண்டே அவரை இழுத்து வந்தோம்.

அவர் வெறுமையாக விட்ட இடத்தை இன்று நான் நிரப்புகிறேன். தூக்குமரம். ஹெர்பன் அவர்களே, எதை எடுக்க வேண்டும் என்று இப்போது தெரிந்துவிட்டது அல்லவா? அது விழும் வரை, சனிக்கிழமைதோறும் அவருடைய பத்தி வந்த இடம் அவர் பெயரை மட்டும் தாங்கி வெறுமையாகவே வெளிவரும். இது எங்கள் பத்திரிகையின் உறுதிமொழி. இனிக் குழந்தைகளை அதன் அடியில் நிறுத்தமாட்டோம் என்று பயிற்சியாளர்கள் சிலர் வாசலிலேயே என் கையைப் பிடித்துச் சொன்னார்கள். அவர்களுக்கு என் நன்றி.

வரும் சனிக்கிழமை ஆட்டத்துக்கு முன் சீட்சேக்காக ஒரு நிமிட மௌனம் என்று கழகம் அறிவித்திருக்கிறது. நான் எழுந்து வரும்போது ரின்ஸ்கே என்னை நிறுத்தி ஒன்று சொன்னார். அவர் சொன்னதை அப்படியே உங்களிடம் ஒப்படைத்துவிட்டு அமர்கிறேன்.

"அது அங்க நிக்கிற வரைக்கும் அவருக்காக யாரும் நிக்க வேண்டாம்னு சொல்லிடுங்க, ஹிஸ்கே. மௌனமா இருந்ததெல்லாம் போதும்."