கடவுள் வைக்காத நிறம்

உங்களுக்கும் கேட்டுச்சா டீச்சர்? டொக்கு டொக்குனு, ஓட்டைத் தகரத்தைத் தட்டற மாதிரி? அப்பாடா, பாலத்துப் பக்கம் போயிடுச்சு. ஒண்ணுமில்ல, ஏதோ பனிவண்டிக் குதிரையோட மணி. மணி நாலரைகூட ஆகலை, எப்படி இருட்டிக் கிடக்கு பாருங்க. இல்ல இல்ல, இப்படி வாசக் கதவுக்கு உள்ளயே நிக்கறேன், பூட்ஸெல்லாம் பனி. இவளா? ஹில்யா. எட்டு மாசம். சால்வைக்குள்ள நல்லாத் தூங்கறா.

என்னைத் தெரியலையா? எப்படித் தெரியும், நீங்க பார்த்தது பச்சைக் கன்னமும் செங்கல் நிறத் தலைமுடியும்தானே. ஆமா, பாரீஸ் போயிட்டு வந்தாரே தாவெத், அவர் வரைஞ்ச படத்துல உக்காந்திருக்கறவ நான்தான். நீங்ககூடப் பத்திரிகையில எழுதினீங்களே.

ஐயோ, சண்டைக்கு வரலை டீச்சர். நல்லாத்தான் எழுதியிருந்தீங்க. எங்க வீட்டுக்காரர் சூப்பு ஆறறதுகூடத் தெரியாம சத்தமா வாசிச்சாரு. கன்னம் பச்சையா இருக்கறதையாவது பொறுத்துக்கலாம், அந்தக் கழுத்து மட்டும் கடவுள் எந்த மனுஷருக்கும் வைக்காத நிறம்னு போட்டிருந்தீங்க பாருங்க, அந்த வரிக்கு மேசையைத் தட்டினாரு. பாத்தியா, படிச்சவங்க சொல்றாங்கன்னாரு. அன்னிக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாரு.

அதுக்கு முன்னால சோறு தண்ணி இல்ல. படத்துக்கு ஆசைப்பட்டதே அவர்தான். ஜெர்மன் பிரபுங்க வீட்டுச் சுவர்லதான் பொண்டாட்டி தொங்கணுமா, நம்ம தார்த்து ஊர்ல மர வியாபாரி வீட்டுல தொங்கக் கூடாதான்னு. கண்காட்சி தொறந்த அன்னிக்குதான் மொதமொதல்ல பார்த்தாரு. மூஞ்சி சுண்ணாம்பா வெளுத்துடுச்சு. சுத்தி நின்னவங்க ஒரே சிரிப்பு. வெள்ளை பெயின்ட் தீந்து போச்சு போல, பாவம், ஊதாவை வெச்சே ஒப்பேத்திட்டான்னு ரொட்டிக் கடைக்காரர் சொல்றாரு. அப்புறம்தான் இவரும் சிரிச்சாரு. கொஞ்சம் லேட்டா.

நானா? நான் சிரிக்கலை. குனிஞ்சுக்கிட்டேன். கூரெமெ மடத்துல கன்னியாஸ்திரிங்க கிட்ட வளந்தவ, குனியறது நல்லா வரும். பொண்ணு கழுத்தை நிமித்தி நடக்கக் கூடாதும்பாங்க.

படம் வரையறப்ப தாவெத்தானே சொன்னாரு, அந்தக் கழுத்துத் துணியை எடுத்துடும்மா, வெளிச்சத்தை அடைக்குதுன்னு. எடுத்தேன். தூரிகை அப்படியே நின்னு போச்சு. அதுவரைக்கும் அள்ளி அள்ளிப் பூசிக்கிட்டிருந்த மனுஷன், பாட்டுக்கூடப் பாடிக்கிட்டிருந்தாரு. அப்புறம், கழுத்தை மூடி வரைஞ்சுடட்டுமான்னாரு. வேண்டாங்க, கண்ணுக்குத் தெரியறதைப் போடுங்கன்னேன். எனக்கே எங்கிருந்து வந்துச்சோ அந்தக் குரல். வாயால யார்கிட்டயும் சொல்ல வராது டீச்சர். பாதிரியார்கிட்டப் போய், பொறுமையா இரு மகளேன்னு கேட்டுட்டு வந்தாச்சு. படமா மாட்டினா ஊரே பாக்குமில்ல, யாராவது ஒருத்தராவது கேக்க மாட்டாங்களான்னு நினைச்சேன்.

ஒருத்தர் கேட்டாரு. கண்காட்சியோட கடைசி நாள், அதான் இன்னிக்கு. ஒரு டாக்டர் சிரிக்காம நின்னு நின்னு பார்த்துட்டு, எங்க வீட்டுக்காரர்கிட்ட வந்து, உங்க வீட்டம்மாவுக்கு முழுங்க முடியுதான்னாராம்.

இவரு படத்தைத் தூக்கிக்கிட்டு நேரா வீட்டுக்கு வந்துட்டாரு. அடுப்படியில இருந்தேன், சர்ர்ருனு ஒரு சத்தம். திரைச்சீலை கிழியுதோன்னு ஓடினா, கையில ரொட்டிக் கத்தி. படத்துல கழுத்தை மட்டும் அறுத்தெடுத்து கணப்பு அடுப்புல போட்டாரு. பெயின்ட் எரிஞ்சா என்ன நாத்தம்! சட்டத்துக்குள்ள மேல தலை, கீழ தோள், நடுவுல ஓட்டை. அப்புறம் டாக்டர் கேட்டதைச் சொல்லிட்டு, ரொம்ப மெதுவா, போய் வாசக் கதவைச் சாத்திட்டு வான்னாரு. இவ இடுப்புல இருந்தா. போய்ச் சாத்தினேன். வெளிப்பக்கமா நின்னு சாத்தினேன்.

தாவெத் வீட்டுக்குத்தான் மொதல்ல போவாரு, பாலத்துக்கு அந்தாண்டை. அங்க இல்லன்னா பாதிரியார் வீடு. உங்க வீட்டுல தேடணும்னு தோணாது அவருக்கு. நீங்க அவர் கட்சியாச்சே. அதனாலதான் இங்க வந்தேன். கோவிச்சுக்காதீங்க.

அந்த விளக்கைக் கொஞ்சம் கிட்டக் கொண்டு வரீங்களா? ஒரு நிமிஷம், இந்த முடிச்சு... ஆங். படத்துல இருந்தது ஆறிப் போச்சு. இது போன ஞாயித்துக்கிழமை. நடுவுல ஊதா, ஓரத்துல பச்சை, இந்தப் பக்கம் கட்டைவிரல். தலைமுடி தாவெத் தன் இஷ்டத்துக்குப் போட்டதுதான், கன்னமும் அப்படித்தான், நீங்க எழுதினது சரி. கழுத்து மட்டும் அவர் பார்த்துப் போட்டது.

அழாதீங்க டீச்சர். குழந்தை முழிச்சுக்குவா.

இருங்க... கேக்குதா? டொக்கு டொக்குனு. திரும்பி வருது. எங்க குதிரை மணிதான், விரிசல் விட்டது, ஊருக்குள்ள வேற யாருக்கும் இந்தச் சத்தம் கிடையாது. விளக்கை இறக்குங்க. டீச்சர், அந்தத் தாழ்ப்பா...

போட்டுட்டீங்களா.