அண்ணரின் முகத்தோடு நின்ற வெருளி

கோப்பாயில் வசிக்கும் மார்க்கண்டு புவனேந்திரன் ஆகிய நான், வயது ஐம்பத்து நான்கு, தொழில் விவசாயம், இறந்துபோன மார்க்கண்டு நடராசா என்பவரின் உடன்பிறந்த தம்பி. அண்ணர் தனது தோட்டத்தில் விழுந்து கிடந்ததைக் கண்ட பிறகும் நான் ஏன் போய்த் தூக்கவில்லை என்று கேட்கப்பட்டதற்கு இதைச் சொல்கிறேன். அந்த நாட்களில் நாங்கள் இருவரும் கதைப்பதில்லை என்பது உண்மை. கோபத்தில் சாகவிட்டேன் என்று ஊரில் சொல்கிறார்கள். அது பொய்.

அண்ணரின் தோட்டமும் எனது தோட்டமும் பக்கத்துப் பக்கத்தில் உள்ளன. இடையில் கதிகால் வேலி இருக்கிறது. இந்த முறை அண்ணர் பீற்றூட் போட்டதிலிருந்து மயில்கள் வந்து கன்றுகளைக் கொத்தின. அவர் பழைய சாரமும் சேட்டும் போட்டு வைக்கோல் வெருளி ஒன்று கட்டினார். மயில்கள் அதன் தோளில் ஏறி நின்றன. அதன் பிறகு அவரின் மகள் தர்சிகா, இயந்திர வேலை படித்தவள், தகப்பனின் முகத்தையே அச்செடுத்து றபரில் வார்த்து, கண் இமைக்கவும் கழுத்துத் திரும்பவும் வலக்கை உயர்ந்து விழவும் மோட்டர்கள் பூட்டி, அவரின் குரலையும் பதிந்து, அவர் உடுக்கும் மாதிரியே சாரமும் உடுத்தி, ஒரு பொம்மை செய்து நிறுத்தினாள். எது அசைந்தாலும் அது அந்தப் பக்கம் திரும்பி “ஏய், ஏய்” என்று கத்தும். மயில்கள் வருவது நின்றது. கெட்டிக்காரி, அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

முதல் நாள் எனது மனைவி தவமலர் அதை அண்ணர் என்று நினைத்து, வேலியடியில் நின்று “வாங்கோ, தேத்தண்ணி ஆறப்போகுது” என்று கூப்பிட்டிருக்கிறாள். அது அவளைப் பார்த்துக் கண்ணை வெட்டியது, ஆனால் வரவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தவள் கோப்பையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். “ஐயோ, உது செத்த ஆள் முழிச்சுப் பாக்கிற மாதிரியப்பா. சிரிக்குதோ முறைக்குதோ எண்டு தெரியேல்லை” என்றாள். அதன் பிறகு அவள் தோட்டத்துப் பக்கம் வரவில்லை.

நானும் போய்ப் பார்த்தேன். வைக்கோல் வெருளிக்குப் பானைத் தலை, பார்த்தால் சிரிப்புத்தான் வரும். இதற்கு அண்ணரின் மூக்கு, அண்ணரின் நரைத்த புருவம், கன்னத்து மச்சம் எல்லாம் இருந்தன. அண்ணர் மட்டும் இல்லை. கண் இமைத்துக் கொஞ்சம் பிந்தித்தான் கன்னம் அசையும். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. குனிந்து புல்லுப் பிடுங்கும்போதும் அது பார்த்துக்கொண்டு நிற்கிறது என்ற நினைப்பில் வேலை ஓடாது.

அதன் பிறகு அதைக் கழற்றும்படி அண்ணரிடம் கேட்டேன். “என்ரை முகந்தானேடா, அதுக்கேன் பயப்பிடுறாய்?” என்று சிரித்தார். “உங்கடை முகம் எண்டபடியாத்தான் அண்ணை. வேறை ஆற்றையும் முகத்தை வையுங்கோ” என்றேன். தவமலர் செத்த ஆள் என்று சொன்னதையும் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “நான் உயிரோடை நிக்கேக்கையே எனக்குச் செத்தவீடு கொண்டாடுறியள், என்ன?” என்று கேட்டார். அதன் பிறகு கதைக்கவில்லை. நான் வேலியில் உரப்பைகளைக் கட்டி மறைத்துவிட்டேன். காற்றடித்தால் அந்தப் பொம்மை விழும். விழுந்து கிடந்தும் கையை உயர்த்திக் கத்தும். தர்சிகா வந்து நிமிர்த்துவாள். நான் ஒருநாளும் அதைத் தொட்டதில்லை.

சம்பவ தினம் காலை நான் மிளகாய்க்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தபோது “ஏய், ஏய்” என்ற சத்தம் கேட்டது. முதலில் கவனிக்கவில்லை. அது ஓயாததால் உரப்பைகளுக்கு இடையால் பார்த்தேன். பீற்றூட் பாத்திக்குள் சரிந்து கிடந்தது. அதே சாரம். முகத்தில் ஒரு பக்கம் அசையவில்லை, வாய் கோணியிருந்தது, ஒரு கண் மட்டும் இமைத்தது. றபர் வெயிலில் இளகிவிட்டது என்று நினைத்தேன். வலக்கை உயர்ந்து உயர்ந்து விழுந்தது. கண் என்னைப் பார்த்தது. “கத்து, கத்து, உன்ரை ஆள் வருவாள்” என்று சொன்னேன். அதன் பிறகு தண்ணீர் கட்டி முடித்து, தண்ணீர் மோட்டரை நிற்பாட்டி, வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டேன். உது திரும்பவும் விழுந்து கிடக்கிறது என்று தவமலருக்குச் சொன்னேன். “கிடக்கட்டும் சனியன்” என்றாள்.

மத்தியானம் தர்சிகா சைக்கிளில் வந்து, “சித்தப்பா, அப்பாவைக் கண்டனீங்களோ? இன்னும் சாப்பிட வரேல்லை” என்று கேட்டாள். நான் காணவில்லை என்றேன். பொம்மைதான் விழுந்து கிடந்து கத்துகிறது, போய் நிமிர்த்து என்றும் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்து, “அது வீட்டிலையெல்லோ கிடக்கு. கழுத்து மோட்டர் மாத்த நேற்றே கழட்டிக்கொண்டு போட்டன்” என்றாள்.

அதன் பிறகு இருவரும் ஓடினோம். அண்ணருக்கு உடம்பில் சூடு இருந்தது, சத்தம் இல்லை. நான்தான் தூக்கினேன். வாயில் மண் இருந்தது, விரலால் எடுத்தேன். ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூளையில் இரத்தம் கட்டியிருக்கிறது, காலையிலேயே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டொக்டர் சொன்னார். மறுநாள் இறந்தார். தர்சிகா அந்தப் பொம்மையின் முகத்தைக் கத்தியால் வெட்டி எடுத்துக் கிணற்றடியில் எரித்தாள். அவள் இன்னும் என்னோடு கதைக்கவில்லை.

சொந்த அண்ணனின் முகம் எப்படித் தெரியாமல் போனது என்று விசாரிக்கும் ஐயா கேட்டார். முகம் தெரிந்தது. அதனால்தான் பொம்மை என்று நினைத்தேன். இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஒருவரும் கேட்கவில்லை, நானாகத்தான் சொல்கிறேன். அந்தப் பொம்மையை எப்போது பார்த்தாலும் எனக்கு உடம்பு கூசும். அன்று கூசவில்லை. பாவம், வெயிலுக்குள் கிடக்கிறதே என்றுதான் மனதில் பட்டது. போய் நிழலில் இழுத்துவிடுவோமோ என்று வேலியில் ஆள் நுழையும் பொட்டுவரை போனேன். றபருக்குப் போய் இரங்குகிறாயே விசரா என்று என்னை நானே ஏசிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே எழுதப்பட்டிருக்கிறது, கூட்டவோ குறைக்கவோ ஒன்றும் இல்லை, எல்லாம் நடந்ததுதான் என்று ஏற்று ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) மா. புவனேந்திரன்