முத்துச்செல்விக்கு வந்த வசனம்

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் ஆயர் ஐயா அவர்களே! முன்வரிசையில் முகமலர்ந்து வீற்றிருக்கும் மூப்பர்களே! அடுப்பை அணைத்துவிட்டு, அலங்காநல்லூரிலிருந்தும் சிம்மக்கல்லிலிருந்தும் பஸ் ஏறி வந்திருக்கும் அன்புத் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் என் ஸ்தோத்திரங்கள்.

வேத வசனத்தைக் கொண்டு கூடி ஜெபிப்பது எப்படி என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. விளக்கம் சொல்வதைவிட, எங்கள் கூட்டத்தில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

செல்லூரில் எங்கள் வீட்டு மாடியில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூடுவோம். பெரும்பாலும் விசைத்தறிக்காரர்கள். தறி இரைச்சலிலேயே வாழ்கிறவர்கள் என்பதால் எங்கள் ஜெபமும் சத்தமாகத்தான் இருக்கும். சிரிக்கிறீர்களே, உங்கள் கூட்டம் மட்டும் என்னவாம்? எங்களில் பெரிய சத்தம் மேஸ்திரி உக்கிரபாண்டி அண்ணனுடையது. அவர் ஜெபித்து முடிப்பதற்குள் டீ ஆறிப்போகும்.

அவர் மேஸ்திரியாக இருக்கும் தறிப் பட்டறையில் தறி ஓட்டுகிறவர் முத்துச்செல்வி. பக்கத்துத் தறியில் அவர் கணவர் பேச்சிமுத்து. ஒரு மதியம், அறுந்த நூலை முடிந்துகொண்டிருந்த பேச்சிமுத்து நெஞ்சைப் பிடித்தபடி தறியோரமே சாய்ந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் உயிர் போய்விட்டது.

அடக்கம் முடிந்த வாரமே முத்துச்செல்வி கூட்டத்துக்கு வந்தார். நாங்கள் என்ன செய்தோம்? ஆறுதல் தந்ததற்கு நன்றி ஆண்டவரே என்று ஜெபித்தோம். ஆறுதல் இருக்கிறதா என்று அவரைக் கேட்டோமா? சமாதானத்துக்கு நன்றி என்றோம். சமாதானம் இருக்கிறதா என்று கேட்டோமா? படியிறங்கும்போது அவர் என்னிடம் சொன்னார்:

"அக்கா, நீங்க வேற யாருக்கோ ஜெபிக்கிறீக. இனிமே நான் வரல."

சொன்னபடியே வரவில்லை. பட்டறைக்கும் போகவில்லை.

அங்கே வேலை செய்கிற, எங்கள் கூட்டத்துத் தமிழ்வாணிக்குத்தான் மனம் கேட்கவில்லை. "நம்ம வார்த்தை அவுகளுக்குப் பத்தலக்கா. சங்கீதத்துல அழுகுறதும் இருக்குல்ல? அதையே வாசிச்சு ஜெபிப்போம். அவுகளைக் கூட்டியாறது என் பொறுப்பு" என்றாள். கூட்டியும் வந்தாள்.

முறை எளிது. ஒருவர் ஒரு வசனம் வாசிப்பார். அந்த வசனம் கேட்பதையே தன் சொந்தப் பேச்சில் ஆண்டவரிடம் கேட்பார். பிறகு அடுத்தவர்.

பதின்மூன்றாம் சங்கீதத்தை எடுத்தோம். முதல் வசனம் முத்துச்செல்விக்கு வந்தது. எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்று ஆண்டவரையே கேட்கிற வசனம். வாசித்தார். உடைந்து அழுதார்.

"ஆண்டவரே, இன்னும் எம்புட்டு நாளைக்கு? பட்டறைக்குள்ள காலெடுத்து வைக்க முடியல. அவரு தறிய வேற ஆளு ஓட்டுறான். என்னை மறந்தே போனீரா?"

உக்கிரபாண்டி அண்ணன் நெளிந்தார். "தங்கச்சி, ஆண்டவர்ட்ட இப்படிப் பேசலாமா?"

தமிழ்வாணி வேதத்தின் மேல் விரலை வைத்தாள். "அண்ணே, அவுகளாப் பேசல. இங்க எழுதியிருக்கு."

சுற்று அண்ணனிடம் வந்தது. என்னை நோக்கிப் பாரும் என்று மன்றாடுகிற வசனம். வழக்கம்போல் குரலை உயர்த்தினார். "ஆண்டவரே, இந்தச் சகோதரியைப் பாரும்..." பாதியில் குரல் இறங்கிவிட்டது. மெதுவாகச் சொன்னார்: "நான் பாக்கலையே ஆண்டவரே. தறிக்கு ஆள் வரலன்னு மட்டுந்தான் பாத்தேன்."

கடைசி வசனம் கர்த்தரைப் பாடுவேன் என்கிறது. நாங்கள் தொண்டையைச் செருமிக்கொண்டோம். முத்துச்செல்வி வேண்டாம் என்று தலையசைத்தார். "நான் இன்னும் அந்த எடத்துக்கு வரலக்கா."

வேதத்தை மூடினோம். யாரும் பாடவில்லை.

மறுநாள் காலை தமிழ்வாணி அவரோடு பட்டறைக்கு நடந்தாள். மேஸ்திரி வாசலிலேயே நின்றிருந்தார். "தங்கச்சி, பேச்சிமுத்து தறி கண்ணுல படாத அந்தக் கடைசித் தறிய உனக்கு ஒதுக்கிருக்கேன். முடியலைன்னா எந்திரிச்சு வெளிய வா. ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாக." அன்று மதியம்வரை ஓட்டினார் முத்துச்செல்வி. திங்கட்கிழமை பொழுது சாயும்வரை ஓட்டினார்.

பெரியோர்களே, தாய்மார்களே! வசனத்தைக் கொண்டு ஏன் ஜெபிக்க வேண்டும்? நாம் சொல்லத் துணியாததை அது சொல்கிறது! நாம் தாண்டிப்போகிற கண்ணீரருகே அது தங்குகிறது! உங்கள் கூட்டத்திலும் ஒருவர் இருப்பார். நீங்கள் கடைசி வசனத்தைப் பாடிக்கொண்டிருக்கும்போது, அவர் முதல் வசனத்திலேயே நின்றுகொண்டிருப்பார். அவரை இழுக்காதீர்கள். இறங்கிப் போய் அவர் அருகில் நில்லுங்கள். அங்கிருந்து சேர்ந்து ஜெபியுங்கள்!

பொறுமையோடு செவிமடுத்த உங்களுக்கும், பேசப் பணித்த ஆயர் ஐயாவுக்கும் நன்றி. கர்த்தருடைய சமாதானம் உங்கள் ஒவ்வொருவரோடும் வீடுவரை வரட்டும். ஸ்தோத்திரம்.