தர்பார் மண்டபத்து வளையம்

நின்றுகொண்டே சொல்கிறேன், இன்ஸ்பெக்டர். பெஞ்சில் உட்காரும் வழக்கம் எங்கள் வம்சத்தில் இல்லை. டீ நன்றாக இருந்தது.

கீழக்குயில்குடிப் பக்கம் இருக்கும் அந்தக் கட்டடம் எங்கள் ஜமீனின் தர்பார் மண்டபம். நாற்பத்து மூன்று வருஷம் செங்கொடிச் சங்கத்தார் அதை ஆபீஸாக வைத்திருந்தார்கள். தொண்ணூற்றேழில் கோர்ட் என்னிடம் திருப்பிக் கொடுத்தது. சுவரில் இருந்த அரிவாளைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடித்தேன். பேத்தி தமிழ்ச்செல்வியின் நிச்சயதார்த்தம் 'தர்பார் மண்டபத்தில்' என்று பத்திரிகையும் அடித்தேன். சம்பந்தியாகப் போகும் பசுமலை நல்லகாமன் பரம்பரை பார்க்கிறவர்.

இரண்டு நாள் இருக்கும்போது சங்கத்தின் பழைய செயலாளர் உக்கிரபாண்டி வந்தான். என் வயதுதான், எழுபது. என்னைத் தோழர் என்று கூப்பிடும் ஒரே மனிதன்.

"தோழர், இது தர்பாரு இல்ல, குதிரை லாயம். எங்கப்பன் லத்தி அள்ளுன எடம் எனக்குத் தெரியாதா? அரமனைய எப்பவோ இடிச்சு ரோடு போட்டுட்டாங்க. பத்திரிகையத் திருத்துங்க. இல்லேன்னா விசேசத்துல நானே வந்து சொல்லிட்டுப் போறேன்."

நான் கோபப்படவில்லை. சுவரில் இருந்த இரும்பு வளையம் உறுதியா என்று இழுத்துப் பார்க்கச் சொன்னேன். இழுத்துக்கொண்டிருக்கும்போதே அவனை அதில் கட்டினேன். வாயில் துண்டு வைத்தேன், பட்டுத் துண்டு. முன்னால் திரை போட்டேன். சாப்பாட்டு வேளையில் மட்டும் துண்டை அவிழ்ப்பேன். கோஷம் போடுவான், பிறகு சாப்பிடுவான். சமணமலைக்கு மட்டும்தான் கேட்டிருக்கும்.

நிச்சயதார்த்தத்தன்று நல்லகாமன் தரையைக் கவனித்தார்.

"என்ன சம்பந்தி, தரை இம்புட்டுச் சரிவா இருக்கு?"

"ராசாவப் பாக்க வாரவன் தன்னால குனியணும்ல, அதுக்குத்தான்."

பந்தி ஆரம்பித்தது. ஊரே சாப்பிடும்போது ஒருவனை வாய்கட்டிப் பட்டினி போடுவது வம்சத்துக்கு இழுக்கு. போய்த் துண்டை அவிழ்த்தேன். நான் செய்த தப்பு அது ஒன்றுதான்.

திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "சம்பந்தித் தோழர், அது குதிர மூத்திரம் வடியுறதுக்கு."

நல்லகாமன் பாதி இலையில் எழுந்து போய்த் திரையை விலக்கினார். மற்றது உங்களுக்குத் தெரியும்.

கட்டி வைத்தது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கொடுமைப்படுத்தினேன் என்று எழுதாதீர்கள். புது வைக்கோல் பரப்பியிருந்தேன். வளையம் கயிற்றுக்குத் தோதான உயரம். பக்கத்துக் கல்தொட்டியில் கொள்ளுச் சுண்டல் கொட்டினேன். கை தேவையில்லை, நேராக வாய்க்கு எட்டியது. எல்லாவற்றையும் யோசித்துத்தான் கட்டியிருக்கிறார்கள் எங்கள் முன்னோர், தர்பார் மண்டபத்தை.